வாசகர் கேள்வி – பதில்: தவணை நாளும் அறுவடை நாளும்

மகளிர் குழுக் கடனைக் கொண்டு ஆடு வளர்ப்பு, காய்கறி, குத்தகை வேளாண்மை எனச் சிறிய அளவில் ஏதேனும் தொடங்க நினைக்கும் வாசகிகள் திருநெல்வேலி வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள். கடன் விவரங்கள் அடங்கிய கடிதங்கள் என்பதால் பெயர்களை விட்டு, ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் குழுவில் 12 பேர் இருக்கிறோம். எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். மாதம் 200 ரூபாய் வீதம் ஆறு ஆண்டுகளாகச் சேமித்து வருகிறோம். இப்போது வங்கியில் 3 லட்சம் ரூபாய் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். ஆளுக்கு 25,000 என்று சமமாகப் பிரித்து, எல்லோரும் ஆடு வாங்கலாம் என்று குழுவை நடத்தும் ஊக்குநர் சொல்கிறார். இது சரியா?
— மானூர் வட்டாரம்

பதில்: சமமாகப் பிரித்தால் குழுவில் சண்டை வராது என்பதால்தான் பெரும்பாலான குழுக்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் சண்டையைத் தவிர்ப்பதற்காகக் கடன் வாங்குவதில்லையே. பன்னிரண்டு வீடுகளின் வரவும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டு ஆட்டைக் கட்டவே இடமில்லாத வீடும், கிணறும் இருபது சென்ட் நிலமும் உள்ள வீடும் ஒரே குழுவில்தான் இருக்கும். நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எவ்வளவு கடன் என்பதல்ல, திருப்பிக் கட்ட வேண்டிய காசு எந்த மாதத்தில், எதிலிருந்து வரும் என்பதே.

ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25,000 ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாகக் கட்டினால் மாதம் ஏறத்தாழ 1,120 ரூபாய் ஆகும். அது கடன் வாங்கிய அடுத்த மாதமே தொடங்கிவிடும். வெள்ளாட்டின் சினைக் காலம் ஐந்து மாதம். இரண்டு மாதச் சினையாக வாங்கினாலும் குட்டி ஈன மூன்று மாதம், குட்டி விற்கும் பருவத்துக்கு வர மேலும் ஆறேழு மாதம் என்று, முதல் காசைக் கண்ணால் பார்க்க ஒன்பது பத்து மாதம் ஆகிவிடும். அதுவரை கட்ட வேண்டிய பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை ஆட்டிலிருந்து வராது. பீடிக் கூலியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பீடி இலை சரியாக வராமல் வேலை குறைந்த ஒரு மாதத்தில் தவணை நிற்கும், உடனே வளர்ந்தும் வளராத குட்டியைத் தரகரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவீர்கள். ஆடு வளர்த்து நஷ்டப்பட்டதாகச் சொல்லும் குடும்பங்களில் பலவற்றை ஆடு ஏமாற்றவில்லை, தவணை நாள்தான் ஏமாற்றியிருக்கிறது.

உங்களிடம் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதை நீங்களே கவனிக்கவில்லை. பன்னிரண்டு பேர் மாதம் 200 வீதம் ஆறு ஆண்டு சேமித்ததில் அசல் மட்டுமே 1,72,800 ரூபாய். குழுவுக்குள்ளேயே கொடுத்து வாங்கும் உள்கடனின் வட்டி அதற்கு மேல். இந்தப் பணத்துக்கு வங்கியின் தவணை அட்டவணை கிடையாது; உங்கள் தீர்மானம்தான் அட்டவணை. ஆகவே, மாதாமாதம் காசு வரும் வேலைக்கு வங்கிக் கடனையும், நாள்பட்டு மொத்தமாகக் காசு வரும் வேலைக்குச் சொந்தச் சேமிப்பையும் ஒதுக்குங்கள். கறவை மாடு வைத்துப் பால் சங்கத்துக்கு ஊற்றுகிறவர், தையல் தொழில் செய்கிறவர், தினமும் காய்கறி விற்கிறவர் ஆகியோர் வங்கிக் கடனை எடுக்கட்டும். ஆடு வாங்குகிறவருக்கு உள்கடனாகக் கொடுத்து, மாதந்தோறும் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, அசலைக் குட்டி விற்கும்போது கட்டலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம், உங்களுக்குள்ளேயே சுற்றி உங்கள் கணக்கிலேயே சேரும்.

விற்கும் மாதத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் ஊருக்கு ஊர் கோயில் கொடை விழா வருகிறது. பக்ரீத்தும் தீபாவளியும் இருக்கின்றன. கிடாய்க்கு விலை கூடும் அந்த நாட்களுக்கு எட்டு ஒன்பது மாதம் முன்னால் குட்டி பிறக்கும்படி கணக்கிட்டு வாங்குகிறவர், கண்ட மாதத்தில் வாங்குகிறவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பார். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள்; குழுவிலிருந்து இருவர் உடன் செல்லுங்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசும் தரகர்களுக்கு நடுவில் புதிதாக நிற்கும் பெண்ணிடம் கிழட்டு ஆட்டைத் தள்ளிவிடுவது எளிது. வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பல் தேய்ந்தும் விழுந்தும் இருந்தால் எவ்வளவு கொழுத்திருந்தாலும் வேண்டாம். மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கல்லாக இருந்தால் அது குட்டிக்குப் பால் தராது. நம் மண்ணுக்குப் பழகிய கன்னி ஆடு இருக்கும்போது வெளி மாநில இனத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன்பே துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசியை அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டு, காப்பீடும் செய்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையில் கொட்டிலோடு கால்நடைகளை இழந்தவர்களுக்குக் காப்பீட்டின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 50,000 வாங்கினோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான் என்றார்கள். ஒருத்தி கட்டாவிட்டாலும் வசூல் செய்கிறவர் இரவு எட்டு மணி வரை எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். முருங்கை விலை விழுந்துவிட்டதால் எங்களுக்கும் கையில் காசில்லை. என்ன செய்வது?
— திசையன்விளை

பதில்: முதலில் வட்டியைப் பார்ப்போம். 50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வட்டி என்று முன்னதாகவே கூட்டி, 62,000-ஐ 24-ஆல் வகுத்து மாதம் 2,583 ரூபாய் என்று சொல்லியிருந்தால் அது ஒரு ரூபாய் வட்டி அன்று. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போக, வட்டியை மட்டும் முழு 50,000-க்கும் கடைசி மாதம் வரை வாங்குகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 22 சதவீதம் ஆகும். உங்கள் கடன் அட்டையில் ஆண்டு வட்டி வீதம் என்று தனியாக ஒரு எண் இருக்க வேண்டும். அதைப் பாருங்கள், வாயால் சொன்னதை விடுங்கள்.

வசூலுக்கு வருவோம். சிறுகடன் தொடர்பாக ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராதவரின் வீட்டுக்கு மட்டுமே செல்லலாம். மிரட்டுவதும், உறவினரைத் தொந்தரவு செய்வதும் கூடாது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் இந்தக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடிதான் கடன் கொடுக்கவே வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. இவற்றை மீறினால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-ல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. கந்துவட்டிக்கு எதிரான 2003-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே உண்டு.

தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள்: இந்தத் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் வாங்காதீர்கள், தண்டல்காரரிடமும் போகாதீர்கள். 10,000 என்று எழுதி 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் வசூலிக்கும் கடனின் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலிலேயே ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. மனம் தளர்ந்து போகும் நாளில் குழுவில் ஒருவரிடமாவது வாய் திறந்து பேசுங்கள்; தவணையை ஒத்திவைக்கவும் காலத்தை நீட்டிக்கவும் எழுதிக் கேட்கலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் யாருக்கும் நிலம் இல்லை. நடுகைக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறோம். ஐந்து பேர் சேர்ந்து இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுக்கலாமா? நிலக்காரர் எழுதித் தர மாட்டேன் என்கிறார்.
— அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: எடுக்கலாம், ஆனால் நெல்லில் தொடங்காதீர்கள். பிசானப் பருவ நெல்லுக்கு உழவு, நாற்று, உரம், அறுவடை இயந்திரம் என்று முதலிலேயே பெருந்தொகை போக வேண்டும். குத்தகையை இன்றும் கோட்டை என்ற பழைய அளவைக் கணக்கில் நெல்லாகவே அளக்கச் சொல்லும் நிலக்காரர்கள் உண்டு, அது விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளந்தாக வேண்டிய கோட்டை. அதற்கு மாறாக, பிசான அறுப்பு முடிந்து அடுத்த கார் பருவம் வரை சும்மா கிடக்கும் வயலை அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, நிற்கும் நெல்லுக்குள் ஏக்கருக்கு 10 கிலோ அளவில் உளுந்தை விதைத்துவிட்டால் உழவுச் செலவு இல்லை. 65, 70 நாளில் கைக்கு வரும். அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்கும் என்பதால், இயந்திரம் விடும் வயலில் அறுப்பு முடிந்ததும் விதைப்பது நல்லது. பூக்கும்போது ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு கூடும். களையெடுப்பதும் பறிப்பதும் உங்கள் கை வேலை என்பதால் கூலியும் உங்களிடமே நிற்கும். நிலக்காரருக்கும் வயலில் பயறு போட்டால் மண் வளமாகும் என்ற லாபம் இருப்பதால் பேச்சு எளிதாக முடியும்.

எழுதித் தர மறுப்பதற்குக் காரணம் 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். எழுதினால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் நிலக்காரர்களுக்கு இரண்டு தலைமுறையாக உண்டு. அவர் அச்சம் அவருக்கு; ஆனால் எழுத்து இல்லாமல் உங்களுக்குப் பயிர்க் கடனும் இல்லை, வெள்ளம் வந்தால் இழப்பீடும் இல்லை, காப்பீடும் இல்லை. பணம் கொடுக்கும்போதாவது வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்து, இன்ன சர்வே எண், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கோயில், மட நிலங்கள் உங்கள் பக்கத்தில் ஏராளம். அவற்றுக்கான குத்தகை ஏலத்தில் கலந்துகொண்டால் ரசீது முறையாகக் கிடைக்கும், ஆனால் அங்கே போட்டி அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்த கூட்டுப் பொறுப்புக் குழு என்ற முறையில் நிலமில்லாத குத்தகைதாரர்களுக்கும் வங்கிகள் கடன் தருவதற்கு, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு வழி செய்திருக்கிறது. நீங்கள் ஐந்து பேர் என்பதால் அது பொருந்தும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1998 முதல் நடக்கும் குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் இப்படிக் குத்தகை நிலத்தில்தான் நெல்லும் வாழையும் காய்கறியும் செய்கின்றன. உங்களுக்குத் தந்தை வழியில் நிலம் ஏதும் உண்டா என்பதையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989 முதலே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு. அண்ணன் தம்பியிடம் கேட்கத் தயங்கி விட்டுவிடும் பங்குதான் அதிகம்.

கேள்வி: குழுக்களால் வறுமை ஒழிந்தது என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் பெண்கள் பெயரில் கடன் வாங்கி ஆண்கள் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, அதற்கு ஆதாரமும் உண்டு. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய குழுக்களும், 1992-ல் நபார்டு 500 குழுக்களோடு தொடங்கிய வங்கி இணைப்பும், 1997–98-ல் வந்த மகளிர் திட்டமும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெண்களை வங்கிப் படியேற வைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் சிறுகடன் மட்டுமே வறுமையை ஒழித்துவிடும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் தாங்கவில்லை. பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் ஹைதராபாத்தில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் அதைப் பெருக்கிக்கொண்டார்கள், ஆனால் குடும்பங்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் எதுவும் தென்படவில்லை. கடனைத் திணித்துத் திணித்து வசூலித்ததன் முடிவு என்ன ஆகும் என்பதை 2010-ல் ஆந்திரம் பார்த்தது. அங்கே அரசே அவசரச் சட்டம் போட்டுச் சிறுகடன் நிறுவனங்களை நிறுத்த வேண்டி வந்தது.

அதே 2015-ல் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவும் வெளியானது. அதைப் பற்றி நம் ஊரில் குறைவாகவே பேசுகிறோம். வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 2002-ல் தொடங்கிய முறை அது: மிக ஏழைக் குடும்பத்துக்குக் கடன் தராமல் மாட்டையோ ஆட்டையோ சும்மா கொடுத்து, அது பலன் தரும் வரை சாப்பாட்டுக்குச் சிறிய தொகையும் கொடுத்து, வாரந்தோறும் ஒருவர் வந்து வளர்ப்பையும் சேமிப்பையும் சொல்லிக்கொடுப்பார். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்களின் வருமானமும் சாப்பாடும் முன்பைவிட மேலாகவே இருந்தன. தமிழ்நாட்டில் 2011-ல் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் கொடுத்த திட்டத்தைக் கேலி பேசியவர்கள் பலர். முதலில் சொத்து, பிறகு கடன் என்ற வரிசை சரியானதே என்பது என் கருத்து. ஆட்டைக் கொடுத்தபின் யாரும் வந்து பார்க்காததுதான் அதில் குறை.

ஆகவே, அன்றாடக் கூலியே நிச்சயமில்லாத பெண்ணுக்குக் கடன் ஏணி ஆகாது, சுமைதான் ஆகும். அவருக்கு ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பு வழியாகவோ அரசுத் திட்டம் வழியாகவோ முதலில் ஒரு சொத்து கிடைக்க வேண்டும். ஓரளவு வரவுள்ள பெண்ணுக்கோ, குழுவின் முதல் பலன் அவர் புதிதாகச் சம்பாதிப்பதில் தெரியாது, தண்டல்காரருக்குப் போய்க்கொண்டிருந்த வட்டி நின்றுபோவதில் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அண்டா குண்டாவை அடகு வைக்காமல் குழுவில் 5,000 ரூபாய் வாங்கிச் சமாளிக்கிற வீடு ஏழை வீடாகவே இருக்கலாம். ஆனால் அது கீழே விழவில்லை.

மோட்டார் சைக்கிள் விஷயத்துக்குக் குழுவே பூட்டுப் போடலாம். கடனைக் கையில் பணமாகக் கொடுக்காமல், ஆடானால் சந்தையிலும் விதையானால் கடையிலும் குழுவினர் இருவர் முன்னிலையில் பணம் மாறட்டும். வாங்கியது என்ன என்பது அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். இப்படிச் செய்யும் குழுக்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பைத் தனியாகத் தாங்குவதைவிடப் பன்னிரண்டு பேராகத் தாங்குவது எளிது.

கேள்வி: கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் திருமணமாகிப் போய்விட்டாள். மற்றவர்களுக்கு எழுதத் தெரியாது. நான்கு மாதமாகப் புத்தகம் எழுதவில்லை.
— களக்காடு

பதில்: உடனே எழுதுங்கள். நான்கு மாதம் ஆறு மாதமானால் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதில் நினைவுக்கு நினைவு மாறுபடும்; வங்கி தரம் பிரிக்கும்போது பார்ப்பதும் இதைத்தான். ஊராட்சிக் கூட்டமைப்பில் கணக்காளர் இருப்பார், அவரை ஒரு நாள் அழைத்து வங்கிப் பாஸ்புத்தகத்தை முன்னால் வைத்து நான்கு மாதத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். இனிமேல் பத்தாவது படித்த ஒரு பெண்ணுக்குக் கூட்டத்துக்கு இவ்வளவு என்று சிறிய தொகை கொடுத்து எழுத வையுங்கள். எழுதியதைக் கூட்டம் கலையும் முன் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் கட்டிய தொகை தனிநபர் பாஸ்புத்தகத்தில் அன்றைக்கே பதிவாக வேண்டும், அந்தப் புத்தகம் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். ஊக்குநர் வீட்டு அலமாரியில் பன்னிரண்டும் கட்டாகக் கிடக்கக் கூடாது.